கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நன்றி மடல்

நத்தம் – திண்டுக்கல் தடத்தில் என்னோடு வருகிற எல்லோருக்கும் வணக்கம். காலை முதல் டிரிப் கண்டக்டர் எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷமாக ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்றவன் நான். விரலிடுக்கில் மடித்த நோட்டு, கையில் டிக்கெட் கட்டு, வாயில் விசில். பிடிக்கக் கை ஏது? கால் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். காலுக்கு அதில் பாதிப் பங்குகூட இல்லை என்பது போன ஐப்பசியில்தான் தெரிந்தது.

ஒரு வாரமாகச் சளி. அன்றைக்குக் கோபால்பட்டி தாண்டி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது பஸ் முழுக்க ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. இடப்பக்கமாகச் சாய்ந்து, கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் விழுந்தேன். அப்புறம் வாந்தி. கூடையை நகர்த்திவிட்டு என் தலையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. கீரையின் விலையைக் கொடுக்கப் போனால், "போப்பா, மாட்டுக்குப் போட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

டிரைவர் அண்ணன் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுபோய்விட்டார். அத்தனை பேரில் ஒருத்தர்கூட "என் ஸ்டாப் போச்சே" என்று சத்தம் போடவில்லையாம். வேலைக்கும் பரீட்சைக்கும் தாமதமாகப் போன உங்கள் எல்லோருக்கும் கும்பிடு.

முதலில் பார்த்த இடத்தில் கழுத்தெலும்பு தேய்மானம் என்று சொல்லி, பட்டை மாட்டி, தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாளில் சுற்றல் அடங்கியது. தள்ளாட்டம் மட்டும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்கிறேன், கரண்டு போனால் சுவரைத் தேடுகிறேன். பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தார்கள், திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். மூன்றாவது வாரம் பஸ் ஸ்டாண்டில் தடுமாறியதைப் பார்த்து ஒருவர், "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான்" என்றார். எனக்கு வலித்தது அது ஒன்றுதான். டீக்கடை அக்கா கரண்டியோடு வெளியே வந்து அவரைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. நன்றி அக்கா.

தினமும் மூன்றாவது சீட்டில் வரும், பிசியோதெரபி படிக்கிற தங்கச்சிதான் சொன்னது: "அண்ணே, இது கழுத்து இல்ல, காது. காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க." காது நன்றாகத்தானே கேட்கிறது என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் போனேன்.

மதுரையில் அந்த டாக்டர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, "என் மூக்கையே பாருங்க" என்றார். சட்டென்று வலப்பக்கம் திருப்பினார். கண் மூக்கிலேயே நின்றது. இடப்பக்கம் திருப்பியபோது கண் தலையோடு சேர்ந்து போய், அப்புறம் துள்ளித் திரும்பி வந்ததாம். பக்கத்தில் இருந்த என் மனைவிக்கே அது தெரிந்தது. காதுக்குள் வெந்நீர் விட்டும் பார்த்தார். நல்ல காது என்றால் தலை சுற்ற வேண்டும். வலது காதில் சுற்றியது, இடது காதில் ஒன்றுமே இல்லை. இந்தச் சூட்சுமத்தைக் கண்டு சொன்ன ராபர்ட் பாரானிக்கு 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்ததாம், அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. வெந்நீர் சொட்டச் சொட்டக் கேட்ட கதை என்பதால் மறக்கவே இல்லை.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே நீர். பஸ் கிளம்பும்போது நிற்கிறவர்கள் பின்னால் சாய்வார்கள் இல்லையா, அதே மாதிரி தலை திரும்பும்போது நீர் பின்தங்கும். அது அங்கே உள்ள நுண்மயிர்களைச் சாய்த்து மூளைக்குத் தகவல் அனுப்பும். பிரேக் போடுவதையும் மேடு பள்ளத்தையும் உணர, சுண்ணாம்புத் துகள் ஒட்டிய இரண்டு சிறு பைகள் தனியாக உண்டு. தலை அசையாதபோதும் இரண்டு காதும் சமமாகத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். என் இடது காதின் சமநிலை நரம்பு வீங்கி வாயடைத்துப்போனது, பெரும்பாலும் அந்தச் சளி வைரஸ் வேலை. வலது மட்டும் பேச, தலை வலப்பக்கம் சுற்றுவதாக மூளை நம்பிவிட்டது. கேட்கும் பகுதிக்குச் சேதம் இல்லாததால்தான் காது நன்றாகக் கேட்டது.

மீதியைக் கண்ணும் பாதமும் சேர்ந்துதான் தாங்கியிருக்கின்றன. அதனால்தான் சோப்பும் இருட்டும் என்னைக் கவிழ்த்தன. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முதல் சில நாளைக்குச் சரி, வாரக்கணக்கில் போட்டால் ஒரு காதை வைத்துக்கொண்டு சமாளிக்க மூளை பழகாதாம். பேச்சு குளறுகிறதா, ரெட்டையாகத் தெரிகிறதா, கை கால் ஒரு பக்கம் விழுந்திருக்கிறதா என்று அவர் முதலிலேயே சோதித்தார். தலைசுற்றலோடு அப்படி ஏதாவது இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம், எலுமிச்சைச் சாறு கலக்கிக்கொண்டு நிற்காமல் உடனே ஓடுங்கள்.

அப்புறம் ஆறு வாரம் பயிற்சி. பழைய டிக்கெட் ஒன்றைக் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டி, அதன் நம்பரைப் படித்துக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். முதல் நாள் எழுத்து குதித்தது, வயிறு புரண்டது. பிறகு பஞ்சு மெத்தையில் ஏறிக் கண்ணை மூடி நிற்பது. மெத்தை பாதத்தை ஏமாற்றும், கண்ணும் கிடையாது, காது மட்டுமே கதி. விழுந்தால் பிடிக்க என் மனைவி தினமும் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சிரித்தாள்தான், ஆனால் ஒருநாள்கூட விழவிடவில்லை. அவளுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இதில் ஒரு லாபமும் உண்டு. டீக்கடை அக்காவுக்குப் பல வருஷமாகப் படுக்கையில் புரண்டால் அரை நிமிஷம் உலகம் சுற்றும். அவரையும் அதே டாக்டரிடம் அனுப்பினேன். அது வேறு நோயாம், அந்தச் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழாய்க்குள் விழுந்துவிடுகிறது. அமெரிக்காவில் எப்லி என்ற டாக்டர் வகுத்த முறையில் படுக்க வைத்துத் தலையை நாலு நிலையில் திருப்ப, துகள் திரும்பப் பைக்குள் போய்விட்டது. மாத்திரை கிடையாது. அக்கா இன்னும் நம்பவில்லை!

இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் காத்திருந்த ஓனருக்கும், சாணார்பட்டி வளைவில் இப்போது எனக்காக ஒரு கியர் குறைக்கிற டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. கூட்டம் இருந்தால் இப்போது இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். டிக்கெட் வரக் கொஞ்சம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். நான் விழுந்த அன்று டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்த மீதிச் சில்லறை யாருக்குமே போய்ச் சேரவில்லை. கணக்குப் பார்த்தபோது பையில் 86 ரூபாய் அதிகம் இருந்தது. தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். டிக்கெட் இருந்தால் காட்டுங்கள், தொலைந்திருந்தால் எவ்வளவு என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.