கீபோர்டைச் சாகடித்தது உங்கள் ஆள், பழி என் மேல்

அனுப்புநர்:
டிடிபி, தட்டச்சு மையம் நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் பில் நகலில் உள்ளன),
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: உங்கள் ஊழியர் சொல்லி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடத்தில்) ஒரு வரியை அழித்ததால் கீபோர்டு செயலிழந்தது, என்னைக் கேட்காமல் கணினி ஃபார்மட் செய்யப்பட்டது – இழப்பீடும் எழுத்தில் விளக்கமும் கேட்டு.

ஐயா,

வணக்கம். உங்கள் கட்டணமில்லா எண்ணில் கடைசியாகப் பேசியபோது, இனிமேல் எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். இந்த ஒரு விஷயத்துக்கு இதுவரை ஐந்து புகார் எண்கள் வாங்கிவிட்டேன். இரண்டு நாளில் ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வரும், அந்த எண் மூடப்பட்டுவிடும். குறை அப்படியே இருக்கும். அடுத்த முறை போன் போட்டால் வேறு ஆள், முதலிலிருந்து கதை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

என்னிடம் இருப்பது உங்கள் கம்பெனி டெஸ்க்டாப். 46,500 ரூபாய்க்கு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரண்டி மூன்று வருடம். மாடல் எண் பில்லில் இருக்கிறது. உள்ளே என்ன போர்டு, என்ன டிவிடி டிரைவ் என்பதெல்லாம் செய்த உங்களுக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. செய்தவர்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் பக்கத்துக் கடைப் பையனிடம் காட்டாமல் உங்களுக்குப் போன் செய்தேன்.

பிரச்சினை சின்னதுதான். டிவிடி டிரைவ் மை கம்ப்யூட்டரில் காணவில்லை. எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் சிலர் இன்னும் டிவிடியில்தான் படம் கொண்டுவருகிறார்கள், அதனால் எனக்கு அது வேண்டும். போனில் வந்தவர், இது தெரிந்த கோளாறுதான் மேடம், ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் இரண்டு வரியை அழித்தால் சரியாகிவிடும் என்றார். நான் அதுவரை அதைத் திறந்ததே இல்லை. ரன்னில் ரெஜ்எடிட் என்று அடிக்கச் சொன்னார். இடது பக்கம் மரம் மாதிரி ஃபோல்டருக்குள் ஃபோல்டர், வலது பக்கம் பெயரும் மதிப்பும். ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று ஒவ்வொன்றாக இறங்கச் சொன்னார். கிளாஸுக்குள் போனால் நெளி அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாக நீள நீளமான பெயர்கள், பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. நான் டைப்பிஸ்ட். யார் எதைச் சொன்னாலும் கை தானாக எழுதிக்கொள்ளும். அன்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் ஆர்டர் நோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன்.

அவற்றில் அவர் திறக்கச் சொன்னது 4டி36இ96பி என்று தொடங்கும் பெயர். கடைசி எழுத்து எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “ஃபைவா சார், பியா?” என்று கேட்டேன். “பி மேடம். பி ஃபார் பாம்பே” என்றார். நோட்டில் ‘பாம்பே பி’ என்று அப்படியே எழுதியிருக்கிறேன். அதைத் திறந்ததும் வலது பக்கம் ‘கிளாஸ்’ என்ற வரிக்கு நேராகக் ‘கீபோர்டு’ என்று போட்டிருந்தது. அதையும் சொன்னேன் ஐயா. “சார், இங்கே கீபோர்டு என்று இருக்கிறதே, நமக்கு டிவிடி அல்லவா?” என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்: “மேடம், அதெல்லாம் நீங்க பார்க்காதீங்க. நான் சொன்னதை மட்டும் செய்யுங்க, எனக்கு லைன்ல ஆள் வெயிட்டிங்.”

அப்பர்ஃபில்டர்ஸ் என்ற வரியை அழிக்கச் சொன்னார். அழித்தால் சிஸ்டம் நிலைகுலையலாம், நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. அதையும் வாசித்துக் காட்டினேன். “யெஸ் கொடுங்க” என்றார், கொடுத்தேன். லோயர்ஃபில்டர்ஸ் அங்கே இல்லை என்றேன். “இல்லைன்னா விடுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்றார்.

ரீஸ்டார்ட் ஆகிப் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் நின்றது. மவுஸ் ஓடியது, கீபோர்டில் ஒரு எழுத்தும் விழவில்லை. நம்லாக் விளக்குகூட மாறவில்லை. கடையில் இருந்த மூன்று கீபோர்டையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தேன். அதற்குள் போன் துண்டிக்கப்பட்டுவிட்டது. இது வைகாசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கும் சமயம். வாசலில் நான்கு பேர் மேட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பப் பேசி, மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரச் சொல்லி நாள் குறித்துக் கொடுத்தார்கள். எந்த நாள் தெரியுமா? அழகர் ஆற்றில் இறங்கும் நாள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. நான் போனிலேயே கேட்டேன், அன்றைக்குத் திறந்திருக்குமா என்று. “எங்க சிஸ்டத்துல ஓப்பன்னுதான் காட்டுது, வராட்டி டிக்கெட் கேன்சல் ஆயிடும்” என்றார்கள். கேன்சல் ஆகிவிடுமே என்ற பயத்தில் போனேன். சிபியூவைப் பழைய நூல் சேலையில் சுற்றி, எட்டு கிலோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். காளவாசலில், இதற்கு மேல் வண்டி போகாது என்று இறக்கிவிட்டார்கள். ஆட்டோவும் கிடைக்கவில்லை. சிம்மக்கல் வரை நடை. வழியெல்லாம் ஜனம். நேர்த்திக்கடனுக்குத் தோல்பையில் தண்ணீர் பீச்சிக்கொண்டு வருகிறார்கள், அது சாமி காரியம், யாரையும் குறை சொல்ல முடியாது. நான் சிபியூ மேல் குனிந்து முதுகைக் கொடுத்து நனைந்துகொண்டு நடந்தேன். ஒரு நீர்மோர்ப் பந்தலில் பெரியவர் ஒருவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கடைசியில் போய்ப் பார்த்தால் உங்கள் சென்டரில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. ‘உள்ளூர் விடுமுறை’ என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. அங்கே நின்றே உங்களுக்குப் போன் செய்தேன். அப்போதும் ‘ஓப்பன்’ என்றுதான் காட்டுகிறதாம். மதுரையில் கிளை வைத்திருக்கிற ஒரு கம்பெனிக்கு அழகர் என்றைக்கு ஆற்றில் இறங்குகிறார் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாம் முறை மூன்று நாள் கழித்துப் போனேன். கவுண்டரில் இருந்தவரிடம், மெஷினை ஆன் செய்தவுடன் எஃப்2 அடித்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங் திரை) திறக்கிறது, அதற்குள் கீபோர்டு நன்றாக வேலை செய்கிறது, விண்டோஸ் வந்த பிறகுதான் செத்துவிடுகிறது என்று தெளிவாகச் சொன்னேன். அதைக் காதில் வாங்காமல், போர்டில் யூஎஸ்பி போயிருக்கும், 9,000 ரூபாய் ஆகும் என்றார். வாரண்டி இருக்கிறதே என்றேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, “நீங்க ரெஜிஸ்ட்ரியில கை வச்சிருக்கீங்கன்னு கேஸ் ஹிஸ்டரியில இருக்கு, வாரண்டி கிடையாது” என்றார்.

நான் மேலாளரிடம் பேச வேண்டும் என்று நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துப் போனில் ஒரு சூப்பர்வைசரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் சொன்னதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. “டைப்பிங் சென்டர் வச்சிருக்கவங்களுக்கு எதுக்கும்மா ரெஜிஸ்ட்ரி எல்லாம்? தெரியாத விஷயத்துல கை வச்சா இப்படித்தான் ஆகும்.” பத்துப் பேர் நிற்கிற இடத்தில் ஸ்பீக்கரில் போட்டு இதைச் சொன்னார். கை வைக்கச் சொன்னது யார்? கீபோர்டு என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டவள் நான். வாயை மூடச் சொன்னது உங்கள் ஆள். பதினொரு வருடமாகத் தொழில் செய்கிறேன், என்னை ஒருவரும் இப்படிப் பேசியதில்லை.

வேலைச் சீட்டில் நானே பேனாவால் ‘உள்ளே டேட்டா இருக்கிறது, ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து மூன்றாம் முறை போனால் மெஷின் தயார். ஃபார்மட் செய்து, சி, டி டிரைவ் இரண்டையும் ஒன்றாக்கி, புது விண்டோஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய் பில். கட்டினால்தான் மெஷினைத் தருவேன் என்றார்கள், கட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அண்ணன் மகனிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்தவுடன் தலையில் கை வைத்துக்கொண்டான். டிவிடிக்கு உரியது 4டி36இ965, 96பி என்பது கீபோர்டுக்கு உரியது அத்தை என்றான். டிவிடி இடத்தில் அந்த வரியை அழிப்பது பல காலமாகச் செய்கிற வைத்தியம்தானாம். ஆனால் கீபோர்டு இடத்தில் அதே பெயருள்ள வரியில்தான் ‘கேபிடிகிளாஸ்’ என்று கீபோர்டு டிரைவரின் பெயர் இருக்கும், அது போனால் விண்டோஸுக்குள் எந்தக் கீபோர்டும் வேலை செய்யாதாம். நான் மூன்று கீபோர்டு மாற்றியும் ஏன் ஓடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா ஐயா? பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே ஆன்ஸ்கிரீன் கீபோர்டு இருக்கிறது. மவுஸால் எழுத்தெழுத்தாகக் கிளிக் செய்து உள்ளே போய், அதே இடத்தில் அப்பர்ஃபில்டர்ஸ் என்று மல்ட்டி ஸ்ட்ரிங் வரி ஒன்றைச் சேர்த்து, கேபிடிகிளாஸ் என்று போட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. ஃபார்மட் வேண்டாம், போர்டும் வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் சேவ் பட்டன் கிடையாது, கண்ட்ரோல் இசட் கிடையாது. அழித்த நொடியே அழிந்ததுதான். அதனால்தான் மாற்றும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்டே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து அந்த ஒரு ஃபோல்டரை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால், பிறகு மவுஸால் அதை டபுள் கிளிக் செய்தாலே பழைய வரி திரும்ப வந்திருக்கும். நாற்பது நிமிடம் பேசிய உங்கள் ஆள் எக்ஸ்போர்ட் என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முன்பெல்லாம் விண்டோஸே ரெஜிஸ்ட்ரியை அவ்வப்போது நகல் எடுத்து வைக்குமாம், விண்டோஸ் 10-இல் 1803 பதிப்பிலிருந்து அது தானாக நடப்பதில்லையாம். அது எனக்குத் தெரியாது, சரி. கணினி விற்கிற உங்களுக்குத் தெரிய வேண்டும். 2017-லிருந்து அந்த எடிட்டரின் மேலேயே விலாசப் பட்டி இருக்கிறது. சரியான விலாசத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, பார்த்து அடிக்கச் சொல்லியிருந்தால் ஃபைவும் பியும் குழம்பியே இருக்காது.

என் நஷ்டத்தைச் சொல்கிறேன். பதினொரு வருடம் அடித்த மேட்டர் அத்தனையும் அதில் இருந்தது. பென் டிரைவில் போன வருடம் வரை பாதிதான் இருக்கிறது. கையில் இருந்த 27 ஆர்டரில் 19 போய்விட்டது. எங்கள் பக்கத்துக் காதணி விழாப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தாய்மாமன்கள், பங்காளிகள், சம்பந்திகள் என்று நூறு பெயர் வரும், வரிசை மாறக் கூடாது. இரண்டு முறை புரூஃப் பார்த்துத் திருத்தி முடித்த ஒரு பத்திரிகையை மறுபடி ராத்திரியோடு ராத்திரியாக அடித்ததில் ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போனது. 500 பத்திரிகையையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் இனி என் கடை வாசல் மிதிக்க மாட்டார்கள். உசிலம்பட்டி முழுவதும் என் பெயர் கெட்டுவிட்டது. இந்த சீசனில் மட்டும் எனக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். என் தொழிலையே நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் கம்பெனி மெஷின் நல்ல மெஷின் என்று என் கடைக்கு வந்தவர்களிடம் நானே சொல்லி மூன்று பேரை வாங்க வைத்திருக்கிறேன். தயவுசெய்து என் கோரிக்கையைக் கவனியுங்கள். அந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் போனிலேயே சொன்னார்கள். அந்தப் பதிவை நீங்கள் முழுதாகக் கேட்க வேண்டும், எனக்கும் ஒரு நகல் தர வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் வாடிக்கையாளர் கை வைத்தார் என்று எழுதியிருப்பதை, எங்கள் ஊழியர் தவறான இடத்தைச் சொன்னார் என்று திருத்த வேண்டும். வாரண்டி தொடர்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். 1,180 ரூபாயையும், என் நஷ்டத்துக்கு இரண்டு லட்சத்தையும் தர வேண்டும். அந்த சூப்பர்வைசர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

இது கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடை வைத்திருப்பவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று உங்கள் ஆள் ஒருவர் சொல்லிப் பார்த்தார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த நோட்டை அப்படியே கொண்டுபோய் ஆணையத்தின் முன் வைப்பேன். அதுவரை போக விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நோட்டுப் பக்கம், வேலைச் சீட்டு, இரண்டு பில், மூன்று நாளைய பஸ் டிக்கெட் ஆகியவற்றின் நகல்கள் இதோடு உள்ளன. போன் செய்வதானால் மதியம் இரண்டு மணிக்கு மேல் செய்யுங்கள், காலையில் கடையில் ஆள் இருப்பார்கள். கேஸ் ஹிஸ்டரியை முழுதாகப் படித்த ஒருவரே பேசட்டும். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்ல என்னால் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உசிலம்பட்டி.