முத்துப்பேட்டையில் சேற்றில் இறங்கிய அண்ணனுக்கு நன்றி

கல்யாணமான புதிதில் கல்லணையில் தொடங்கிய ஊர்சுற்றல் எங்களுடையது. கோடியக்கரையில் வெளிமான்கள் துள்ளி ஓடியதையும் பூநாரைக் கூட்டத்தையும் என் மனைவி இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வாள். இப்போது அவற்றையெல்லாம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு முந்திவிட்டது. காரணம், பெயர் தெரியாத ஒரு மீனவர்.

பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் லகூன் என்னும் கடலோர உப்புநீர் ஏரியில், நீர் வற்றும் நேரத்தில் எங்கள் படகு தரைதட்டி நின்றுவிட்டது. அவ்வழியே வந்த அவர், நாங்கள் கேட்காமலேயே இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளிவிட்டார். படகு நகர்ந்த பிறகும் போகவில்லை. சேற்றுக்கு மேலே குத்திட்டு நிற்கும் வேர்களைக் காட்டி, "மரம் மூச்சு விடுவது இது வழியாகத்தான் அம்மா" என்றார். ஓர் இலையைப் பறித்துக் கொடுத்து, நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது! உள்ளே ஏறும் உப்பை இலை வழியாகவே மரம் வெளியே தள்ளுகிறதாம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படிப் பாடம் நடந்ததில்லை.

பணம் நீட்டினோம், சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அண்ணே, மிக்க நன்றி. மாசியில் மறுபடியும் வருகிறோம். வீட்டில் சுட்ட முறுக்கையாவது மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.