ஐந்து மதிப்பெண்ணும் ஹிக்ஸ் போசானும்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மறுமதிப்பீட்டு விவகாரம் உங்களுக்குத் தெரியும். மூன்று மனு வந்திருக்கும்.

என் மாணவியின் விடைத்தாள் நகல் என் மேஜையில் கிடக்கிறது. ஹிக்ஸ் போசான் பற்றிக் குறிப்பு வரைக, 5 மதிப்பெண். மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்கும் கொள்கை சொன்ன துகள் அது. 1964-இல் கணித்தது, 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம் கண்டறிந்ததாக அறிவித்தது, நிறை ஏறத்தாழ 125 ஜிஇவி (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) என்று எழுதியிருக்கிறாள். அந்தத் துகள் பிறந்த கணமே சிதைந்துவிடும், சிதைவில் வரும் இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, அளந்தும் அதை அடையாளம் காணலாம் என்பதுவரை விளக்கி, துகள்களை மோதவிடும் மோதுவிப்பான் இருக்கிற 27 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு ஒரு வட்டமும் போட்டிருக்கிறாள். அத்தனைக்கும் குறுக்கே சிவப்பு மையில் ஒரே கோடு. பூஜ்யம். விடைக்குறிப்பில் 'இன்னும் கண்டறியப்படாத துகள்' என்று இருக்கிறதாம்.

இரண்டு மதிப்பெண்ணில் அரியர். மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணம், அவள் அம்மா குறுவை நடவுக்குப் போய்ச் சேர்த்த கூலி. வந்த பதில்: 'மாற்றமில்லை'.

விடைக்குறிப்பைத் திருத்துங்கள். அவள் மதிப்பெண்ணை அவளுக்குக் கொடுங்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரத் தாமதமாவது எங்களுக்குப் பழகிப்போனது. 2012-இல் வந்த செய்திகூடவா வந்து சேராது? கணித்த ஹிக்ஸுக்கும் எங்லேருக்கும் 2013-லேயே நோபல் கொடுத்துவிட்டார்கள். 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பினர். நம் பிள்ளைகள் அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வளாகத்தில் 2004 முதல் ஒரு நடராஜர் நிற்கிறார். சுவாமிமலையில் காவிரி வண்டலைப் பூசி அச்செடுத்து வார்க்கிறார்களே, அதே திருக்கோலம். அவர் போய் நிற்கிற இடத்துக்கு எங்கள் பிள்ளை போகக் கூடாதா?

மோதல்களைப் பல மடங்கு கூட்டும் மேம்பாட்டு வேலை முடிந்து, 2030 வாக்கில் அந்த மோதுவிப்பானை மறுபடி ஓட்டத் திட்டம். சுமார் 91 கிலோமீட்டரில் இன்னொன்று கட்டலாமா என்றும் பேசுகிறார்கள். ஹிக்ஸ் தன்னோடு தானே எப்படி வினைபுரிகிறது, அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற கரும்பொருள் எதனால் ஆனது என்றெல்லாம் அங்கே தேடப்போவது இன்று இளங்கலை படிக்கிறவர்கள்தான். அவர்கள் கையில் 2012-க்கு முந்தைய நோட்ஸைக் கொடுத்து, சரியாக எழுதியவளைத் தண்டிக்கிறோம். எனக்கு வயிறு எரிகிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: விடைக்குறிப்பைத் திருத்துங்கள், அந்த யூனிட்டைப் புதுப்பியுங்கள், அவள் தாளை மறுபடி பாருங்கள். அரியர் தேர்வுக்குப் பணம் கட்ட இந்த மாதம் 20-ஆம் தேதி கடைசி. அதற்கு முன் உங்கள் பதில் வந்துவிட்டால், அந்த அம்மா இன்னொரு முறை கூலியை எடுத்து வைக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியர்