ரோமில் ஒரு புதன்கிழமை

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த பயண நிரலும் கிடைத்தன. தங்கச்சிக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை என்று படித்ததில் பெரிய நிம்மதி.

நிரலில் முதலில் கண்ணில் பட்டது கிழமைதான். ரோமுக்கு ஒரே நாள், அதுவும் புதன். காலையில் வாட்டிகன், மத்தியானத்துக்கு மேல் கொலோசியம் என்று சுற்றுலா நிறுவனத்தார் போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை காலையில்தான் போப்பாண்டவர் பொதுமக்களைச் சந்திப்பார். அவர் ஊரில் இருந்தால் மத்தியானம் வரை புனித பேதுரு பேராலயத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டிவரும். அன்றைய நிரலைத் திருப்பிப் போடச் சொல்: காலையில் கொலோசியம், மூன்று மணிக்கு மேல் வாட்டிகன். அருங்காட்சியகம் இப்போது இரவு 8 வரை திறந்திருக்கிறது, 6 மணி வரை உள்ளே விடுவார்கள். மாலையில் நெரிசலும் சற்றுத் தணியும்.

இதை இன்றைக்கே கேள். கொலோசியத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து ஆள் பெயர் போட்டுத்தான் சீட்டு, நுழைகிற நேரமும் அதிலேயே இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். நம் ஆட்களுக்கு இடறுவது இங்கேதான். இனிஷியல் போட்டுக் கொடுத்துவிடாதே. பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பேருடைய முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து அனுப்பு. பெரிய பையும் கண்ணாடிப் பாட்டிலும் உள்ளே போகாது. மேல் தளத்துக்குப் போகும் படிகள் செங்குத்து. லிஃப்ட் இருக்கிறது, தங்கச்சிக்கு அது வேண்டும் என்று வழிகாட்டியிடம் வாசலிலேயே சொல்லிவிடு, பாதிப் படியில் நின்று கேட்டுப் பிரயோஜனமில்லை.

சுவர் முழுக்கக் குழி குழியாக இருப்பதைப் பார்ப்பாய். கல்லோடு கல்லைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளைப் பிற்காலத்தில் தோண்டி எடுத்த தழும்பு அது. வெளி வளைவுகளில் சிலவற்றின் மேல் ரோமன் எண் இன்னும் தெரியும். கி.பி. 80இல் திறந்தபோது தரைத்தளத்தில் மொத்தம் 80 வளைவுகள். கையிலுள்ள சீட்டின் எண்ணைப் பார்த்து அவரவர் வாசலில் நுழைந்தார்கள்.

அதே சீட்டில் ஃபோரமும் (பழைய ரோமின் நடுச் சதுக்கம்) பக்கத்துப் பாலத்தைன் குன்றும் சேர்த்தி. குழுக்கள் நேரம் போதாமல் முதலில் வெட்டுவது ஃபோரத்தைத்தான். நீ விடாதே. வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது, அதனால் கழிப்பறை, தண்ணீர் எல்லாம் உள்ளேயே முடித்துக்கொள். புனித வீதி என்கிற பழைய கல்பாதையில் நடந்தால், மூன்று பிரம்மாண்டமான வளைவுகளோடு மாக்சென்டியஸ் பசிலிக்கா என்கிற பழைய பொது மண்டபம் நிற்கும். அது எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவை டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டிய மிளகுக் கிடங்குகள். யவனர் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, போனார்கள் என்று முசிறியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கறி எகிப்து வழியாக ரோமுக்கு வந்து குவிந்த இடம். பல வழிகாட்டிகள் அதைச் சொல்லாமலே கடந்துவிடுவார்கள். நீயே கேள்.

அங்கிருந்து பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோயிலுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். பெரிய சுற்றுலாப் பேருந்துகளுக்கு நகர மையத்தில் கட்டுப்பாடு உண்டு, அதனால் நடைதான். தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் கட்டிகள் பாவியிருக்கும், ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து. மெல்லிய அடிச் செருப்பு வேண்டாம். தடித்த ரப்பர் அடி வைத்த, நன்றாகப் பழகிய காலணி இருவருக்கும் வேண்டும். வழியெங்கும் மூக்குப் போலக் குழாய் வளைந்த இரும்புத் தூண்களில் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாய் எழும்பி வாய்க்கு வரும், குனிய வேண்டாம். ஒரு காலிப் பாட்டில் இருந்தால் நாள் முழுவதும் காசு மிச்சம்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். தங்கச்சி சுத்த சைவம் என்பதால் சொல்கிறேன். மிளகும் சீஸும் மட்டும் போட்ட 'காச்சோ எ பெப்பே' பாஸ்தா சைவம் என்று சொல்வார்கள். அதில் சேர்கிற பெக்கோரீனோ சீஸை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையூட்டி கொண்டு திரட்டுகிறார்கள். வேண்டாமென்றால் 'மரினாரா' பிட்சா கேட்கலாம். தக்காளி, பூண்டு, எண்ணெய், சீஸே கிடையாது. நெத்திலி போடுகிற கடையும் உண்டு, 'அச்சூகே' வேண்டாம் என்று சொல்லிவிடு. துண்டு போட்டு விற்கிற கடையில் கத்தரியால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள், எவ்வளவு என்று கையால் காட்டினால் போதும்.

பாந்தியனுக்குள் குறைந்தது இருபது நிமிடம் கேட்டு வாங்கு. இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குவிமாடக் கூரையின் விட்டமும் தரையிலிருந்து உயரமும் ஒரே அளவு, 43 மீட்டருக்குச் சற்று மேல். கான்கிரீட்டுக்குள்ளே கம்பி கிடையாது. அடியில் கனமான கல், மேலே போகப் போக இலேசான கல், உச்சியில் எரிமலை நுரைக்கல் என்று கலவையை மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள், பாரம் அப்படிக் குறைகிறது. நடு உச்சியில் திறந்த வட்டம், மழை நேரே உள்ளே விழும். நீ தரையைப் பார். நடுப்பகுதி இலேசாக மேடு தட்டி ஓரம் சரிந்திருக்கும். பளிங்கில் சிறு துளைகள், மொத்தம் 22. தண்ணீர் அதில் இறங்கிப் போய்விடும்.

வாட்டிகனுக்குத் தோளும் முட்டியும் மறைய வேண்டும். சேலையோ சுரிதாரோ சிக்கலில்லை, உன் அரைக்கால் சட்டைதான் ஆகாது. நீளக் குடையையும் பெரிய பையையும் அருங்காட்சியக நுழைவில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அருங்காட்சியகத்துக்குள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்திலிருந்து பேராலயத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, சில நாள் குழுக்களை அதில் விடுவார்கள். அதில் போய்விட்டால் பையை எடுக்க மதிலைச் சுற்றி ஒரு கால்மணி நேரம் நடக்க வேண்டும். பையே கொண்டுபோகாதே.

சிற்றாலயத்துக்குள் பேச்சும் படம் எடுப்பதும் கூடாது. வழிகாட்டி முற்றத்திலேயே எல்லாவற்றையும் விளக்கிவிடுவார், அப்போது காது கொடு. உள்ளே ஓரப் பலகையில் இடம் பிடித்துத் தங்கச்சியை உட்கார வை. மைக்கேலாஞ்சலோ விதானத்தை 1508இல் தொடங்கி 1512இல் முடித்தார், பலிபீடத்துக்கு எதிர் முனையிலிருந்து. முதலில் வரைந்த வெள்ளப் பிரளயத்தில் ஆட்கள் சின்னச் சின்னதாய் நெருக்கியடித்து இருப்பார்கள். பாதியில் சாரம் பிரித்துக் கீழிருந்து பார்க்கக் கிடைத்த பிறகு உருவங்கள் பெரிதாகின்றன. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார், தெளிவாகத் தெரியும்.

வழிகாட்டியின் பேச்சைக் கேட்கக் காதில் மாட்டும் கருவியின் அலைவரிசை எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொள்; மூலை திரும்பினால் சத்தம் அறுந்துவிடும், சத்தம் கரகரத்தாலே நீ பின்தங்கிவிட்டாய் என்று அர்த்தம். பணத்தைச் சட்டைக்குள் தொங்கும் பையில் வை. கையில் கயிறு கட்ட வருகிறவனிடம் கையை நீட்டாதே.

கடைசியில் பேராலயச் சதுக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நம் நட்டாலத்துத் தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தது அங்கேதான். உன் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவார். ஸ்பானியப் படிகளை விட்டுவிடலாம், அங்கே உட்காரவும் கூடாது, அபராதம். கால் தாங்கினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரெவி நீரூற்று, விளக்கில் நன்றாக இருக்கும்.

கிழமை விஷயம் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது. மாற்ற முடியாது என்றால் காலை நிரலுக்கு வேறு வழி யோசித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்