பிஜி என்றால் கடற்கரை மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பயணப் பக்கத்தில் பிஜித் தீவுகள் பற்றிய கட்டுரை படித்தேன். பவளப்பாறைகளும் சொகுசு விடுதிகளும் இருந்தன. கரும்புத் தோட்டம் இல்லை. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அந்தத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலில் அனுப்பப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ‘அக்ரிமென்ட்’ அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு கனக்கும்.

இன்று சர்க்கரையைவிடச் சுற்றுலாதான் அந்நாட்டுக்கு அதிக அந்நியச் செலாவணி தருகிறது. நாடி நகரில் பயணிகள் ஆசையாகப் படமெடுக்கும் முருகன் கோயிலை நடத்துவது, தென்னிந்தியர்கள் 1926இல் தொடங்கிய சங்கம். கோயில் படத்தோடு அதைக் கட்டிக்காத்த மக்களின் கதையையும் வெளியிடுங்கள்.

– வாசகர், நாகப்பட்டினம்