வைரஸே இல்லாத கணினிக்கு வைரஸ் நீக்கிய கட்டணம்: புகார்

ஸ்ரீரங்கம்,
18.11.2025

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
கணினி விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு,
திருச்சி கிளை.

பொருள்: தேவையில்லாமல் பழைய விண்டோஸை அழித்துப் பார்மட் செய்தது, ஆண்டிவைரஸுக்கு அட்டை விலைக்கு மேல் வாங்கியது தொடர்பாக.

ஐயா,

தீபாவளி கழிந்த மறுவாரம், 27.10.2025 அன்று, எங்கள் வீட்டுக் கணினியைத் தங்கள் கிளையில் கொடுத்தேன். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து வைரஸ் இருக்கிறது, ஆண்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டது, உடனே பணம் கட்டு என்று ஒரே மிரட்டல். நாங்கள் எந்த ஆண்டிவைரஸுக்கும் சந்தா கட்டியதே கிடையாது. எனவே அது பொய் என்பதுவரை எனக்கே புரிந்தது. ஒருமுறை என் மனைவி அதை அழுத்திவிட, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் திறந்து, சைரன் அலறி, அழைக்கச் சொல்லி ஒரு தொலைபேசி எண்ணும் வந்தது. நல்லவேளை, அழைக்கவில்லை. பயந்துபோய்த் தங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தோம்.

கவுண்டரில் இருந்த தம்பி இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஜாப் ஷீட்டில் 'வைரஸ்' என்று எழுதினார். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, அதனால்தான் இப்படி என்றார். ஆதரவு 14.10.2025 அன்று முடிந்தது உண்மைதான், செய்தித்தாளில் நானும் படித்தேன். அதுதான் காரணம் என்றால், பார்மட் செய்துவிட்டுத் திரும்பவும் அதே விண்டோஸ் 10-ஐப் போட்டுக் கொடுத்தது ஏன்? பார்மட் செய்யப்போகிறோம் என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. 30-ஆம் தேதி எடுக்கப் போனபோதுதான் தெரியும்.

பில் 3,302 ரூபாய் 82 காசு. சர்வீஸ் 1,500, ஆண்டிவைரஸ் 1,299, இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆண்டிவைரஸ் அட்டைப் பெட்டியை வீட்டில் திருப்பிப் பார்த்தேன். அதிகபட்ச சில்லறை விலை 1,299, எல்லா வரிகளும் உட்பட என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் 233 ரூபாய் 82 காசு வாங்கியிருக்கிறீர்கள். சட்டப்படி இது கூடாது என்பதை வியாபாரம் செய்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, பணம் போகட்டும் என்று விட்டிருப்பேன். நவம்பர் 1-ஆம் தேதி சாயங்காலம் அதே சிவப்புப் பெட்டி திரும்பவும் வந்தது. நீங்கள் விற்ற ஆண்டிவைரஸ் பக்கத்திலேயே பச்சை டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போன் செய்தால், இது சாதாரணப் பதிப்பு, இன்னும் உயர்ந்த பதிப்புக்கு மாறுங்கள் என்று பதில்.

கடைசியில் சரிசெய்தது கல்லூரியில் படிக்கும் என் அக்கா பேரன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியில் பொடி எழுத்தில் ஒரு இணையதளத்தின் பெயர் இருப்பதைக் காட்டினான். மனைவி சீரியல் பார்க்கும் இலவசத் தளம் ஒன்று, 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது. அவளும் அழுத்தியிருக்கிறாள். அந்த ஒரு அழுத்தில், தன் அறிவிப்புகளைத் திரையில் காட்ட அந்தத் தளத்துக்குக் குரோம் உலாவி அனுமதி கொடுத்துவிடுகிறது. இது வைரஸே இல்லை, அழைக்காமல் வந்த விளம்பரம். குரோம் அமைப்புகளில் தனியுரிமை, அதற்குள் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள். அங்கே அந்தத் தளத்தின் பெயரை நீக்கினான், முடிந்தது. ஆண்டிவைரஸுக்கு இதில் வேலையே இல்லை, விண்டோஸோடு சும்மா வரும் டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸே உங்களுக்குப் போதும் தாத்தா என்றும் சொன்னான். பார்மட் செய்தபோது பழைய அனுமதி அழிந்தது வாஸ்தவம். ஆனால் காரணத்தை யாரும் சொல்லாததால் மனைவி அதே தளத்துக்குப் போய் அதே பொத்தானை மறுபடி அழுத்தினாள். எங்கள் தவறும் இதில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதைச் சுட்டிக்காட்டத்தானே சர்வீஸ் கட்டணம்?

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு ஆறவே ஆறாதது இதுதான். என் மாமியார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியுமாக இருநூற்றுச் சொச்சம் பாடல்களை மனைவி பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள். மாமியார் இப்போது இல்லை. கணினி திரும்பி வந்த அன்று கோப்பைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. தங்கள் கிளைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கோப்பு கெட்டுவிட்டது, மீட்க 4,500 ரூபாய் ஆகும், உத்தரவாதம் கிடையாது என்றார்கள். கோப்புகள் டி டிரைவில் பத்திரமாகத்தான் இருந்தன. பார்மட் செய்ததில் சி டிரைவில் இருந்த எழுத்துரு மட்டும் போயிருந்தது. பாமினியில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். அக்கா பேரன் பாமினியைத் திரும்ப நிறுவியதும் எல்லாப் பாட்டும் எழுந்து வந்தன. அப்புறம் அத்தனையையும், தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றியும் கொடுத்தான். தமிழ்நாட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியாது என்றால் ஒரு கவலை, தெரிந்தே கேட்டார்கள் என்றால் வேறு கவலை. இல்லாத கோளாறைச் சொல்லிப் பணம் கேட்ட அந்தச் சிவப்புப் பெட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆகவே, ஆண்டிவைரஸுக்கு வாங்கிய 1,532 ரூபாய் 82 காசை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். வேண்டுமானால் உரிமத்தை ரத்து செய்துகொள்ளுங்கள். சர்வீஸ் கட்டணத்தில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, அந்தத் தம்பியும் மூன்று நாள் வேலை பார்த்திருப்பார். ஆனால் கேட்காமல் பார்மட் செய்ததற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். இப்படிப் பெட்டி வருகிறது என்று யார் வந்தாலும் முதலில் உலாவியின் அறிவிப்புப் பட்டியலைத் திறந்து பார்க்கும்படி ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள்.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, எனக்கோ பணி ஓய்வுக்குப் பின் நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட் நகல், ஆண்டிவைரஸ் அட்டைப் பெட்டியின் விலை அச்சிட்ட பக்கத்தின் படம்.