எண் 1 சட்டையை என் வீட்டில் விட்டுச் சென்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஹண்டர் டிக்கின்சன் நம் மிச்சிகன் பல்கலைக்கழக அணியை விட்டுக் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் போனதைப் பற்றி நாம் எத்தனை முறை வாதாடியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. சாப்பாட்டு மேசையில் தொடங்குகிற அந்தப் பேச்சு, உன் அண்ணி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போகும் வரை நீண்டதே தவிர, ஒரு நாளும் முடிந்ததில்லை. குறுக்கே பேசாமல் ஒரு முறையாவது என் தரப்பை நீ முழுவதுமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவும், இதே வழக்கைத் தத்தம் வீட்டில் நடத்திக்கொண்டிருப்பவர்கள் படிக்கட்டும் என்பதற்காகவும் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உன் வருத்தம் எனக்குப் புரியாததல்ல. பெருந்தொற்றின் காரணமாக அரங்கத்துக்குள் நம்மை விடாத அந்த முதல் ஆண்டில், தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து நாம் கண்டெடுத்த ஆட்டக்காரர் அவர். ஏழடிக்கு மேல் உயரம்; கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, ஒரு தட்டுத் தட்டி, வலது தோள் பக்கமாகத் திரும்பி இடக்கையால் அந்தக் கொக்கி வீச்சை அவர் எறியும்போது, பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே நீ எழுந்து நின்றுவிடுவாய். 2021 மார்ச்சில் யு.சி.எல்.ஏ. அணியிடம் 51-49 என்று தோற்று, இறுதி நான்கு அணிகளுக்குள் நுழையும் வாய்ப்பை நாம் இழந்த இரவில், நீ இரண்டு மணி வரை தூங்கவில்லை. அப்படிப்பட்டவர் 2023இல், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் பதிந்தபோது, வீட்டுப் பிள்ளை சொல்லாமல் வெளியேறியதைப்போல நீ உணர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஏன் போனார் என்ற கேள்விக்கு நீ வைத்திருக்கும் ஒற்றை விடைதான் எனக்கு ஒப்பவில்லை. பணம் என்கிறாய். பட்டம் வெல்லும் ஆசை என்கிறார் உன் நண்பர். 2022இல் சாம்பியனான அணி கான்சாஸ், அதன் பயிற்சியாளர் பில் செல்ஃப் என்பதைப் பார்த்தால் அதிலும் பொருள் இருக்கிறது. மிச்சிகன் பயிற்சியாளர் ஜூவான் ஹோவர்டின் கீழ் அணி தேய்ந்துகொண்டிருந்தது என்பது மூன்றாவது கட்சி. இவற்றில் எது சரி என்று தேடுவதை விட, அந்த 2022-23 பருவம் எப்படி முடிந்தது என்று நினைத்துப் பார். 18 வெற்றி, 16 தோல்வி, கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கான என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு அழைப்பே வரவில்லை. ஆறுதல் போட்டியான என்.ஐ.டி.யிலும் வாண்டர்பில்ட்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அந்த அணியிலிருந்து ஜெட் ஹோவர்டும் கோபி பஃப்கினும், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் 11ஆவது, 15ஆவது இடங்களில் எடுக்கப்பட்டார்கள். அவர்களும் மிச்சிகனை விட்டுத்தான் போனார்கள், பணத்துக்குத்தான் போனார்கள். அவர்களுக்கு நீ வாழ்த்துச் செய்தி எழுதினாய்.

டிக்கின்சனுக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை என்பதுதான் இந்த வழக்கின் நடு முடிச்சு. 2021இலேயே என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். தொலைவிலிருந்து எறியவும், வெளிவட்டத்தில் ஓடும் சிறிய ஆட்டக்காரர்களைத் துரத்தித் தடுக்கவும் தெரிந்த உயரமானவர்களைத்தான் இன்றைய என்.பி.ஏ. தேடுகிறது, கூடையின் அடியில் நின்று ஆடும் பழைய பாணிப் பெரிய ஆட்டக்காரருக்கு அங்கே விலை இல்லை. கல்லூரி ஆட்டத்திலோ, 18.5 புள்ளியும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டு ஒன்பதும் சராசரியாக எடுப்பவர் தங்கம். ஆகவே அவருடைய உழைப்புக்கு உச்ச விலை கிடைக்கக்கூடிய இடம் கல்லூரியாகவே இருந்தது. அதிலும், தன் பெயரையும் உருவத்தையும் வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலை 1 அன்றுதான் வந்தது. ஓராண்டு வெளியே உட்காராமல் ஒரு முறை கல்லூரி மாறலாம் என்ற விதியும் அதே ஆண்டில் வந்ததுதான். 2025 தேர்வில் எந்த அணியும் அவர் பெயரை அழைக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகாவது, 2023இல் அவர் போட்ட கணக்கு தப்பில்லை என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் போனதை விட, அதன் பிறகு ஒலிபரப்பு ஒன்றில் பேசியதுதான் உனக்கு ஆறாத புண். மிச்சிகனில் ஓராண்டுக்கு ஒரு லட்சம் டாலர் கூடத் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், தம்மைத் திட்டுகிறவர்கள் பத்தாயிரம் டாலர் கூடுதலாகக் கிடைத்தால் இன்றைக்கே வேலையை விட்டுவிடுவார்கள் என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். குடும்பத்தோடு பேசினேன், கடவுளை வேண்டினேன், புதிய சவாலை நாடினேன் என்று எல்லோரும் சொல்கிற மூன்று வாக்கியங்களைச் சொல்லிவிட்டு அவர் போயிருந்தால், நீ இரண்டு வாரத்தில் மறந்திருப்பாய். ஏன் போனாய் என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னார். கேட்டவர்களுக்கே அது பிடிக்கவில்லை. அதைக் கேட்டு நீ கொதித்தபோது, எட்டு ஆண்டில் மூன்று அலுவலகம் மாறியவன் நீ என்று அண்ணி நினைவூட்டினாள். அவளோடு நீ அன்று பேசவே இல்லை.

அதே வசந்தத்தில் நடந்த வேறொன்றை நீ வசதியாக மறந்துவிட்டாய். வட கரோலினா பல்கலைக்கழக அணியிலிருந்து கேலப் லவ் என்ற ஆட்டக்காரர் மிச்சிகனுக்கு வருவதாக அறிவித்தார். முந்தைய ஆண்டு இறுதி நால்வர் சுற்றில் டியூக்கை வீழ்த்திய அந்த லவ் நம் அணிக்கு வருகிறார் என்று நள்ளிரவில் என்னை எழுப்பிச் சொன்னது நீதான். வட கரோலினா ரசிகன் ஒருவன் அன்று எங்கோ உன்னைப்போலவே சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்திருப்பான். பிறகு அந்த ஏற்பாடு முறிந்து லவ் அரிசோனாவுக்குப் போனதும், அவரையும் நீ வைதாய். 2024இல் பயிற்சியாளர் டஸ்டி மே ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தை விட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு வந்தபோதும், அவர் பின்னாலேயே ஏழடி உயர விளாடிஸ்லாவ் கோல்டின் வந்தபோதும் துரோகம் என்ற சொல் உன் வாயில் வரவில்லை. கோல்டினும் யேலிலிருந்து வந்த டேனி வுல்ஃபும் இல்லாமல் நம் அணி ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் 2025 கோப்பை நமக்கு ஏது?

உன் கட்சியில் நான் ஒப்புக்கொள்வதும் உண்டு. பட்டத்துக்காகப் போனார் என்றால், அது கிடைக்கவில்லை. 2024இல் கொன்சாகாவிடம் இரண்டாம் சுற்றில் 89-68 என்று கான்சாஸ் தோற்றது. அடுத்த பருவம் நாட்டின் முதல் அணி என்ற மதிப்பீட்டோடு தொடங்கி, முதல் சுற்றிலேயே ஆர்கன்சாஸிடம் வீழ்ந்தது. அந்த இரவு உன்னிடமிருந்து எனக்கு வந்த சிரிப்புப் படங்களை இன்னும் நான் அழிக்கவில்லை. ஆனால் அவர் போன அடுத்த பருவத்தில் மிச்சிகன் 8 வெற்றி, 24 தோல்வி என்று முடிந்து, பயிற்சியாளர் ஹோவர்டின் வேலையும் போனதே. அங்கேயே இருந்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டால் மட்டும் நீ பேச்சை மாற்றுகிறாய்.

நீ கோபத்தில் என் வீட்டில் விட்டுப் போன அந்த மஞ்சள் சட்டையைச் சென்ற வாரம் நிலவறைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எண் 1-இன் மேல் நீ ஒட்டியிருந்த பெயின்ட் டேப் பாதி உரிந்திருந்தது. மீதியையும் உரித்துவிட்டுத் துவைத்து வைத்திருக்கிறேன். பசை மட்டும் லேசாகப் பிசுபிசுக்கிறது. கான்சாஸிலும் டிக்கின்சன் அணிந்தது எண் 1 தான் என்பதை நீ கவனித்தாயா? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்